கூலன்ட் குறைகிறது, சொட்டு மட்டும் தெரியவில்லை: வாசகர் கேள்வி பதில்

பழைய கார்களில் கூலன்ட் (என்ஜினை ஆற்றும் திரவம்) குறைவது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: என் கார் 22 வருடப் பழையது; நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரை லிட்டர் கூலன்ட் ஊற்ற வேண்டியிருக்கிறது. நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டுகூட இல்லை. டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கும், இறக்கிப் பார்த்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். இறக்கத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஹெட் என்பது சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்; அதற்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். ஹெட்டை இறக்கிப் பார்ப்பது சோதனை அல்ல, வைத்தியம். நோய் என்னவென்று தெரிந்த பிறகு செய்ய வேண்டியது.

தரையில் சொட்டு இல்லை என்பதற்காக வெளியே கசிவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஓடும் என்ஜினில் கூலன்ட் 90 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மெல்லிய கசிவு, சூடான இரும்பின் மேல் வழியும்போதே காய்ந்துவிடும். அந்த இடத்தில் வெள்ளையாகவோ, கூலன்டின் நிறத்திலோ பொருக்குப் போல ஒரு கறை மட்டும் மிஞ்சும். ஆகவே ஈரத்தைத் தேடாமல் கறையைத் தேடுங்கள்.

அதற்கு முன்னால் அளவைச் சரியாக எடுக்க வேண்டும். தண்ணீரும் கிளைக்காலும் (கூலன்டின் மூல ரசாயனம்) பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், குளிர்ந்த நிலையிலிருந்து ஓட்டச் சூட்டுக்கு வரும்போது ஏறக்குறைய 5 சதவீதம் விரியும். 6 லிட்டர் பிடிக்கும் காரில் இது 300 மில்லி. ஒருநாள் சூட்டிலும் மறுநாள் குளிரிலும் பார்த்தால், இல்லாத இழப்பு இருப்பதுபோலத் தெரியும். கூலன்ட் பாட்டிலின் மேக்ஸ் கோட்டுக்கு மேலே ஊற்றிவைத்தால் விரிந்த கூலன்ட் வழிந்து வெளியே போகும். மறுபடி ஊற்றுவீர்கள், மறுபடி வழியும். காலையில், முதல்முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன், சமதளத்தில் வண்டி நிற்கும்போது பாட்டிலில் ஒரு டேப் ஒட்டி மட்டத்தைக் குறியுங்கள். கிலோமீட்டரையும் எழுதிவையுங்கள்.

அடுத்தது மூடி. ரேடியேட்டர் மூடியிலோ, எக்ஸ்பான்ஷன் டேங்க் மூடியிலோ 0.9 பார், 1.1 பார் என்று ஏதாவது ஓர் எண் அச்சிட்டிருக்கும். அந்த அழுத்தம் வரை அது மூடியே இருக்க வேண்டும். பாதிக்குப் பாதிக் கலவை, சாதாரணக் காற்றழுத்தத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். 1 பார் அழுத்தம் ஏறினால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிவிடும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி அதற்கு முன்பே திறந்து, ஓடும்போதே ஆவியை வெளியே விட்டுவிடும். நிறுத்திய இடம் காய்ந்தே இருக்கும். உங்கள் வண்டியின் அறிகுறிகளுக்கு இது பொருந்துகிறது. மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா, தட்டையாகிக் கெட்டிப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் அதே எண்ணுள்ள புது மூடி போடுங்கள். கூடுதல் அழுத்த மூடி போட்டால் இன்னும் நல்லது என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்க வேண்டியது உங்கள் 22 வருட ஹோஸும் பிளாஸ்டிக் டேங்கும்தான்.

மூடியை மாற்றியும் குறைகிறதா? பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது இதைத்தான். என்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் உள்ள எண் வரை மட்டும் அழுத்தம் ஏற்ற வேண்டும். அதைத் தாண்டினால் நல்ல பாகமும் உடையும். 15 நிமிடம் பம்பின் அழுத்த முள் அசையாமல் நின்றால் பெரும்பாலும் வெளிக்கசிவு இல்லை. இறங்கினால் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு தேடலாம்: ஹோஸ் முனைகளில் கிளிப்புக்கு அடியில், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் மடித்துச் சேரும் விளிம்பில், தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூடானதும் திறக்கும் வால்வு) இருக்கும் கூட்டைச் சுற்றி, த்ராட்டில் பாடிக்கு அடியில் போகும் சின்ன ஹோஸ்களில். என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் காசு போல வட்டமாக அடித்திருக்கும் கோர் பிளக்குகளையும் விடாதீர்கள். அவை உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டை விழுபவை. மேனிஃபோல்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதுதான் அதிகம்.

இந்தச் சோதனையை ஒருமுறை குளிரிலும் ஒருமுறை மிதமான சூட்டிலும் செய்ய வேண்டும். ஹோஸ் முனைக் கசிவுகள் அதிகாலைக் குளிரில் மட்டும் கசிந்து, ரப்பர் விரிந்ததும் அடைத்துக்கொள்ளும். ரேடியேட்டர் விரிசல் இதற்கு நேர் எதிர். சூடானால்தான் வாய் திறக்கும். ஒருமுறை பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்படும் வண்டிகளில் பல இந்த வகைதான்.

வாட்டர் பம்பைத் தனியாகப் பாருங்கள். பம்ப் உடலின் அடிப்பக்கம் பென்சில் முனை நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். உள்ளே இருக்கும் சீலைத் தாண்டி வரும் கூலன்ட் பேரிங்குக்குள் போய்விடாமல் வெளியேற வைத்த வழி அது. துளையைச் சுற்றி மங்கலான, காய்ந்த கறை மட்டும் இருந்தால் கவலை இல்லை. துளையிலிருந்து கீழ்நோக்கிக் கோடு கோடாகப் பொருக்கு இறங்கியிருந்தாலோ, விரலில் ஈரம் ஒட்டினாலோ பம்பின் ஆயுள் முடிந்தது. துளையை எம்-சீல் வைத்து அடைத்த வண்டிகளும் உண்டு. அடைத்தால் கூலன்ட் பேரிங்கைத் தின்னும். பேரிங் போனால் பம்ப் இறுகும். டைமிங் பெல்ட் ஓட்டும் பம்பாக இருந்தால் பெல்ட்டும் அறுந்து, வால்வுகள்வரை சேதம் போகலாம். அப்படிப்பட்ட என்ஜினில் பம்ப் மாற்றும்போது பெல்ட்டையும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுங்கள். கூலன்டில் நனைந்த பெல்ட்டை மறுபடி போடக் கூடாது.

காருக்குள்ளும் கசியலாம். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர் கசிந்தால் முன்சீட்டுக் கால்வைக்கும் இடத்தில் ஈரம் சேரும். கார்ப்பெட்டின் மேல்பக்கம் காய்ந்தே இருக்கலாம், அடியில் உள்ள பஞ்சுதான் உறிஞ்சி வைத்திருக்கும். தூக்கி அழுத்திப் பாருங்கள். முன்கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுக்கான பனிப்படலமும் லேசான இனிப்பு வாசனையும் இதன் மற்ற அடையாளங்கள். ஏசி தண்ணீரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வெறும் தண்ணீர். நிறம் இல்லை, வாசனை இல்லை, விரலில் வழுக்காது. எது எப்படியோ, நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். சிந்தியதையும் உடனே கழுவிவிடுங்கள். நாயும் பூனையும் நக்கிவிடும்.

இவ்வளவும் பார்த்தும் வெளியே ஒன்றும் இல்லை, ஆனால் பிரஷர் டெஸ்டில் முள் மட்டும் இறங்குகிறது என்றால்தான் உங்கள் மெக்கானிக்கின் சந்தேகத்துக்கு வலு. அப்போதும் ஹெட்டை இறக்குவதற்கு முன் இரண்டு சோதனைகள் பாக்கி. ஒன்று: ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். மூன்று பிளக் பழுப்பாகவும் ஒன்று மட்டும் கழுவிவைத்ததுபோல வெளுப்பாகவும் இருந்தால் அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் போகிறது. சந்தேகம் தீரவில்லை என்றால் அழுத்தம் ஏற்றிச் சில மணி நேரம் விட்டுவிட்டு, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். கோளாறுள்ள சிலிண்டரின் துளையிலிருந்து கூலன்ட் பீய்ச்சும். முகத்தை மேலே நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

இரண்டு: நீலத் திரவச் சோதனை. ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, ஓடும் என்ஜினிலிருந்து வரும் காற்றை அந்தத் திரவத்தின் வழியாக உறிஞ்சுவார்கள். சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடால் நீலம் மஞ்சளாகும். கூலன்ட் மட்டத்தைச் சில அங்குலம் இறக்கிவிட்டுச் செய்ய வேண்டும். கூலன்ட் உள்ளே ஏறினால் சோதனை வீண். நிறம் மாறவில்லை என்பதால் கேஸ்கட் நலம் என்றும் ஆகாது. எரியும் அறைக்கும் கூலன்டுக்கும் இடையே உள்ள ஓட்டையை மட்டுமே இது காட்டும். ஆயிலுக்குள் போகும் ஓட்டையைக் காட்டாது.

கேள்வி: பாட்டிலில் கூலன்ட் எப்போதும் நிறைய இருக்கிறது. ஆனால் ரேடியேட்டரைத் திறந்தால் ஒரு லிட்டர் குறைகிறது. எப்படி?

பதில்: உங்களுடையது ரேடியேட்டரின் மேலேயே மூடி இருக்கும் பழைய வகை. அந்த மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. சூட்டில் அழுத்தம் மிஞ்சினால் பெரிய வால்வு திறந்து கூலன்டை பாட்டிலுக்குத் தள்ளும். ஆறும்போது நடுவிலுள்ள சின்ன வால்வு திறந்து அதையே திரும்ப உறிஞ்சும். சின்ன வால்வு ஒட்டிக்கொண்டால் போனது திரும்பாது. பாட்டிலுக்குப் போகும் மெல்லிய ட்யூபில் வெடிப்பு இருந்தாலும், ட்யூபின் முனை பாட்டிலின் அடிவரை முங்காமல் மேலே நின்றாலும், கூலன்டுக்குப் பதில் காற்றைத்தான் உறிஞ்சும். இரவில் மேல் ஹோஸ் சப்பிப்போய் இருந்தால் வால்வுதான். மூடியையும் ட்யூபையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள். இனிமேல் மட்டத்தை, குளிர்ந்த என்ஜினில், ரேடியேட்டரிலேயே பாருங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் இப்படியே நடந்தால், சிலிண்டரில் எரிந்த வாயு உள்ளே புகுந்து கூலன்டைத் தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பிடியுங்கள். கூலன்ட் சூடாகும் முன்பே, ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் கல்லாக இறுகினால் அந்த அழுத்தம் வேறெங்கிருந்தும் வர வழியில்லை.

கேள்வி: ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போல ஒட்டியிருக்கிறது. கேஸ்கட்தானே?

பதில்: தினமும் ஐந்து பத்து நிமிடம் மட்டும் ஓட்டுகிறீர்களா? அப்படியானால் அது பெரும்பாலும் என்ஜின் முழுச் சூட்டுக்கு வராததால் தேங்கிய காற்றின் ஈரம். மூடியைத் துடைத்துவிட்டு, 40 நிமிடம் போல நல்ல வேகத்தில் ஓட்டி, ஒருவாரம் கழித்துப் பாருங்கள்.

டிப்ஸ்டிக்கிலும் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) அதே பால் நிறம், ஆயில் மட்டமும் ஏறியிருக்கிறது என்றால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். கிளைக்கால் கலந்த ஆயில் பேரிங்குகளை வெகு சீக்கிரம் கெடுக்கும். இரவு முழுதும் நின்ற வண்டியில் அடியில் ஆயில் வடிக்கும் சம்ப் போல்ட்டை மெல்லத் தளர்த்தினால், ஆயிலைவிடக் கனமான கூலன்ட் அடியில் பிரிந்து நின்றிருந்தால் முதலில் அது வரும். முழுக்கக் கலந்துவிட்டால் பிரியாது, பால்போலவே வரும். பழுது நீக்கிய பிறகு ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, சிறிது நேரம் ஓட்டி, இன்னொரு முறை மாற்ற வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டியின் கூலன்ட் டேங்கில் ரோஸ் நிறப் பால் தெரிந்தால் கதை வேறு. ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் ஓட்டையாகியிருக்கிறது. அதற்கு ஹெட்டை இறக்குபவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: சோதனைகளில் ஹெட் கேஸ்கட் என்று உறுதியாகிவிட்டது. வேலையில் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: கேஸ்கட் தானாகப் போவது குறைவு. கொதித்ததால் ஹெட் வளைந்திருக்கும், வளைந்ததால் கேஸ்கட் போயிருக்கும். அளக்காமல் புதுக் கேஸ்கட் போட்டு மூடினால் மறுபடி அதே இடத்துக்கு வருவீர்கள்.

நேர்விளிம்புப் பட்டையை ஹெட்டின் மேல் நீளவாக்கிலும், குறுக்காகவும், இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். அனுமதிக்கும் வளைவு என்ஜினுக்கு என்ஜின் மாறும், 0.05 மில்லிமீட்டர் தகடே நுழைந்தால் கையேட்டின் எல்லையைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள். பிளாக்கின் முகத்தையும் இப்படியே அளக்கச் சொல்லுங்கள், இதைத்தான் மறக்கிறார்கள். லேத்தில் ஃபேஸிங் கொடுத்தால் சமமாவதற்கு வேண்டிய அளவுக்கு மட்டும் சீவ வேண்டும். அதிகம் சீவினால் கம்ப்ரஷன் கூடும், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி குறையும். சீவுவதற்கு முன்னாலேயே விரிசல் சோதனை. விரிசல் விட்ட ஹெட்டுக்கு ஃபேஸிங் கொடுப்பது வீண் செலவு.

பிளாக் முகத்தைக் கிரைண்டரில் உப்புத்தாள் வட்டு மாட்டித் தேய்க்க விடாதீர்கள். உதிரும் பொடி ஆயில் வழிகளில் இறங்கி பேரிங்கை அரிக்கும். பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும். போல்ட் துளைகளில் தேங்கிய கூலன்டையும் ஆயிலையும் ஒன்றுவிடாமல் உறிஞ்சி எடுக்க வேண்டும். அடி மூடிய துளையில் திரவம் நின்றால், போல்ட் இறங்கும்போது அது போக வழியின்றி பிளாக்கையே பிளந்துவிடும். குறித்த டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்கிய பின் 90 டிகிரி, இன்னொரு 90 டிகிரி என்று கோணத்தில் இறுக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் இழுபட்டு நீள்பவை. அவற்றைப் புதிதாகவே போடுங்கள். இறுக்கும் வரிசை நடுவிலிருந்து வெளியே, பல கட்டங்களாக.

கேள்வி: ஹோஸ் மாற்றிய பிறகு சூடு ஏறுகிறது, ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறது. கசிவே இல்லை.

பதில்: உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. வடித்தது எவ்வளவு, திரும்ப ஊற்றியது எவ்வளவு என்று கேளுங்கள். 5 லிட்டர் வடித்து மூன்றரைதான் உள்ளே போயிருந்தால் மீதி இடத்தில் காற்று.

என்ஜின் குளிர்ந்த பிறகு, மூக்கு உயரும்படி வண்டியைச் சரிவில் நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். பிளீட் ஸ்குரூ (காற்றை வெளியே விடும் திருகு) இருந்தால் திறந்து, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை மெல்ல ஊற்றி, ஸ்குரூவை மூடுங்கள். பிறகு ஐடிலில் ஓடவிட்டு இரண்டு ஹோஸ்களையும் அவ்வப்போது பிசைந்துகொடுங்கள். தெர்மோஸ்டாட் பொதுவாக 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும். அப்போது கீழ் ஹோஸும் சூடாகும், மட்டம் சட்டென்று இறங்கும். நிரப்பி மூடுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நின்றதும் அணைத்து, முழுதாக ஆறவிட்டு மறுபடி பாருங்கள். உங்கள் காரின் கையேடு வேறு முறை சொன்னால் அதன்படியே செய்யுங்கள்.

புது ஹோஸில் பழைய ஸ்பிரிங் கிளிப் நன்றாக இருந்தால் அதையே போடலாம். ரப்பர் சுருங்கச் சுருங்க அது தானாக இறுகும். ஸ்குரூ கிளிப்பை முறுக்கித் தள்ளினால் ஹோஸ் வெட்டுப்படும்.

கேள்வி: கசிவை அடைக்கும் திரவம் ஊற்றலாமா?

பதில்: வீடு வந்து சேர மட்டும் என்றால் சரி. அது ஓட்டையையும் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் வித்தியாசம் பார்த்து அடைப்பதில்லை.

கேள்வி: டீசல் கார். வெளியே கசிவு இல்லை, ஆயில் சுத்தம், கேஸ்கட் சோதனையும் சரி. ஆனாலும் குறைகிறது; ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை.

பதில்: இஜிஆர் கூலரைப் பாருங்கள். புகைவாயுவைக் கூலன்டால் ஆற்றும் பாகம் அது. உள்ளே ஓட்டை விழுந்தால் கூலன்ட் இன்டேக் வழியாகவோ எக்ஸாஸ்ட் வழியாகவோ எரிந்து போய்விடும், தடயம் இராது. கழற்றி, கூலன்ட் வழியின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்று ஏற்றி, தண்ணீரில் முக்கினால் குமிழி காட்டிக்கொடுக்கும். கழற்றும்போதே புகைப்பக்கத்தைப் பாருங்கள். காய்ந்த கரிக்குப் பதில் ஈரக் கரியோ வெள்ளைப் படிவோ இருந்தால் தேடல் முடிந்தது.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறி, பிறகு தானாகக் கீழே இறங்கிவிட்டது. சரியாகிவிட்டதா?

பதில்: இல்லை, நிலைமை இன்னும் மோசமாகியிருக்கலாம். சென்ஸார் கூலன்டில் முங்கியிருந்தால்தான் சரியான சூட்டைச் சொல்லும். மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால் அது ஆவியிலோ காற்றிலோ நிற்கும். முள் பொய் சொல்லும். கூடவே ஹீட்டர் காற்றும் குளிர்ந்தால் சந்தேகமே வேண்டாம், கூலன்ட் இல்லை. உடனே ஓரங்கட்டி அணையுங்கள். மூடியைத் தொடாதீர்கள். மேல் ஹோஸை வெறுங்கையால் சுகமாகப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு, தடித்த துணியைப் போட்டு, முதல் நிறுத்தம்வரை மட்டும் திருகி அழுத்தத்தை வெளியே விடுங்கள். சீறல் அடங்கிய பிறகே முழுதாகத் திறக்கலாம். சூடான அலுமினிய ஹெட்டில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விடும், அதனால் ஆறிய என்ஜினிலும் கொஞ்சம் கொஞ்சமாகவே ஊற்றுங்கள். வெறும் தண்ணீர்தான் கிடைத்தது என்றால் பட்டறைவரை அது போதும். அங்கே போனதும் வடித்துவிட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரும் உங்கள் கையேடு சொல்லும் வகைக் கூலன்டும் கலந்து நிரப்புங்கள். நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று வேறு வகையைச் சேர்க்காதீர்கள். நிறத்துக்குப் பொது விதி எதுவும் இல்லை. பொருந்தாத இரண்டு கலந்தால் கூழாகி ரேடியேட்டரில் தங்கும்.